ஒரே உயரத்தில் ஐந்து நாற்காலி

ஐந்தாவது நாற்காலி மட்டும் குட்டையாக இருந்தது. முனிரத்தினம் அதை மூன்று முறை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார், எங்கே போட்டாலும் குட்டையாகத்தான் இருந்தது. மற்ற நான்கும் மேனேஜர் அறையிலிருந்து வந்தவை, நீல மெத்தை வைத்தவை. இது கேன்டீன் நாற்காலி. கால் ரப்பர் தேய்ந்து, உட்கார்ந்தால் மேசை நெஞ்சு வரைக்கும் வரும். விசாரணை அறையில் எல்லோருக்கும் ஒரே உயரமுள்ள இருக்கைகள் வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் தாழ்ந்து உட்கார்ந்தால் விசாரணையும் தாழ்ந்துவிடும். தபால்வழிப் பட்டயப் படிப்பு, நான்காம் தாள், ஒன்பதாம் பாடம், வலது பக்கத்தில் கீழே. அந்தப் பக்கத்தில் டீ கொட்டிய வட்டம் ஒன்று உண்டு, அதற்குள்தான் இந்த வரி இருந்தது. படித்ததில் பாதி மறந்துவிட்டது, டீ கொட்டிய இடங்கள் மட்டும் மறக்கவில்லை. மணி பத்து இருபது. பதினொன்றுக்கு விசாரணை. வெளியூரிலிருந்து வரும் வக்கீல் தணிகாசலம் விசாரணை அதிகாரி, அவருக்கு நடு நாற்காலி. டைப் அடிக்கும் பியூலாவுக்கு ஓரத்தில் ஒன்று. நிர்வாகத்தின் சார்பில் வழக்கை எடுத்து வைக்கும் அதிகாரிக்கு ஒன்று. அந்த அதிகாரி தான்தான் என்பது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் கழித்தே அவருக்கு ஞாபகம் வந்தது. எதிரே குற்றம் சாட்டப்பட்ட சுலோச்சனாவுக்கு ஒன்று. பிறகு சாட்சிக்கு. குட்டை நாற்காலியைச் சுலோச்சனாவுக்குப் போடக் கூடாது, பாடத்தில் இருக்கிறது. வக்கீலுக்குப் போட முடியாது. பியூலாவுக்குப் போட்டால் கை எட்டாமல் தப்பும் தவறுமாக அடிப்பாள். எனவே சாட்சிக்கு. சாட்சி செக்யூரிட்டி கன்னியப்பன். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்த மனிதர், தரையில் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்துகொள்வார். முனிரத்தினம் குட்டை நாற்காலியைச் சாட்சியின் இடத்துக்குத் தள்ளினார். அது சிமெண்டில் கீச்சென்று கத்தியது. இந்தச் சத்தத்தைக் கூடவா எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றி, உடனே அந்த நினைப்பின் அபத்தம் உறைத்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு அப்பால் தையல் பிரிவிலிருந்து பசை வாசனை வந்தது. தோலின் ஓரத்தில் பசை தடவி மடித்துச் சுத்தியால் தட்டுகிற சத்தமும் கூடவே வந்தது. இருபது பெண்கள் தட்டுகிறார்கள். போன மாதம் வரை இருபத்தொன்று.

வாசலில் பலகை மாற்றி எட்டு மாதம் ஆகிறது. பத்தொன்பது வருஷமாக 'பர்சனல் டிபார்ட்மென்ட்' என்று இருந்த மரப்பலகையைக் கழற்றிவிட்டு 'மனிதவளத் துறை' என்று பித்தளையில் போட்டார்கள். மனிதனை வளம் என்று சொல்கிறார்களே, அது உயர்த்திச் சொல்வதா, மண்வளம் கனிமவளம் மாதிரி வெட்டி எடுக்கச் சொல்வதா என்று அந்தத் தபால் படிப்பின் முதல் தொடர்பு வகுப்பில் ஒரு ஆள் எழுந்து கேட்டார். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. எல்லோரும் எங்கோ வேலை பார்ப்பவர்கள், மதியத்துக்கு மேல் பாதிப் பேர் தலை தொங்கிவிடும். பாடங்கள் தபாலில் பழுப்பு உறையில் வரும். அப்போது முனிரத்தினம் டைம் ஆபீஸில் இருந்தார், வருகைக் கார்டு அடுக்கிக்கொண்டே படிப்பார். காலையில் முந்நூற்று நாற்பது கார்டு, மாலையில் முந்நூற்று நாற்பது. வரிசையில் வரும் பெண்கள் அவரைக் கார்டு அண்ணன் என்பார்கள். கார்டுண்ணா, என் கார்டு எங்க. கார்டுண்ணா, ரெண்டு நிமிஷம்தான் லேட்டு, சிவப்புல அடிச்சிடாத. இரண்டு நிமிஷத்துக்குச் சிவப்பு அடிப்பது அவர் இல்லை, இயந்திரம். அதை எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் நம்பியதில்லை. இப்போது நாற்பத்து நான்கு வயதில் மனிதவள அலுவலர், தகுதிகாண் காலம் ஆறு மாதம், இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. மேனேஜர் நித்யா மேடத்துக்கு இருபத்தெட்டு வயது, சென்னையில் எம்.பி.ஏ. படித்தவர், கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அந்தம்மா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, முனி சார். ஆனா ஃபைல் க்ளீனா இருக்கணும். அப்சென்ட் சார்ஜ் நிக்காது, ஆஸ்பத்திரி பேப்பர் வச்சிருக்காங்க. ரெண்டாவது சார்ஜ் நிக்கும். நீங்க நல்லா பண்ணிடுவீங்க." இரண்டாவது குற்றச்சாட்டு, லீவு சொல்லாமல் நின்றதற்கு விளக்கம் கேட்டு நிர்வாகம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்த குறிப்பாணையை வாங்க மறுத்தது. கம்பெனி விதிப்படி அது தனிக் குற்றம், கீழ்ப்படியாமை, வேலையை விட்டே நீக்கலாம். கொண்டுபோனவர் முனிரத்தினம். கூடப் போனவர் கன்னியப்பன். நல்லா பண்ணிடுவீங்க. அதைச் சொல்லும்போது மேடம் தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் தொண்டை வறண்டிருந்ததைக் கவனித்திருக்கிறார். அப்படிக் கவனிக்கிறவர்.

"இன்னா ஆபீசரே, ஒண்டியா மியூசிக்கல் சேர் ஆடிக்கினு கீற?" கன்னியப்பன் கதவில் சாய்ந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார், மீசையை இன்றைக்காக ஒழுங்கு செய்திருந்தார். "எதுல நான் உக்காரணும்? இந்தக் குட்டையிலயா? சாட்சின்னா அவ்ளோ இளக்காரமா போச்சா?" வேறு நாற்காலி இல்லை அண்ணே என்றார் முனிரத்தினம். "பரவால்ல, உடு. நீ எழுதினியே கேள்வி, அத ஒருவாட்டி படி. மறந்துடப் போறேன்." அந்தத் தாள் ஃபைலில் மேலாக இருந்தது. நேற்று அவரே கைப்பட எழுதியது, மூன்று கேள்வி. ஒன்று, பதினான்காம் தேதி என்னுடன் புங்கம்பாடிக்கு வந்தீர்களா. இரண்டு, குறிப்பாணையைத் திருமதி சுலோச்சனாவிடம் நீட்டியதைப் பார்த்தீர்களா. மூன்று, அவர் வாங்க மறுத்ததைப் பார்த்தீர்களா. படிக்கப் படிக்கக் குரல் தேய்ந்தது. "ஆமா, ஆமா, ஆமா," என்றார் கன்னியப்பன். "மூணு ஆமாதானே. இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? பட்டாளத்துல பாக்காத பொணத்துக்கெல்லாம் கையெழுத்து போட்டவன் நானு." அப்புறம் கொஞ்சம் இறங்கிய குரலில், "நீ படிச்சி மேல வந்துகீற. உன்ன உட்டுக் குடுப்பனா? கேளு, சொல்றேன்." தொப்பியை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். நடையில் ஒரு பக்கம் லேசாக இழுத்தது. கன்னியப்பன் அன்று எதையும் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்க வழியே இல்லை. புங்கம்பாடி பஸ் நிறுத்தத்தில் மொபெட்டை விட்டு இறங்கி, நீ போய் குடுத்துட்டு வா, நான் ஒரு டீ அடிக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் டீ. உட்டுக் குடுப்பனா. இதில் எதை யார் விட்டுக் கொடுப்பது என்று முனிரத்தினம் யோசித்தார், அந்த இடத்திலேயே யோசனை நின்றுவிட்டது, பழைய இயந்திரத்தில் கார்டு மாட்டிக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்குமே, அப்படி.

குறிப்பாணையோடு போகும் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும். பெற்றுக்கொண்டார். பெற மறுத்தார். கதவு பூட்டியிருந்தது. சாட்சிக் கையெழுத்து இரண்டையும் கேட்டை விட்டுக் கிளம்பும்போதே போட்டுவிடுவார்கள், யார் வீட்டு வாசலில் மேசை போட்டு வைத்திருக்கிறார்கள். அது அவர் சேர்வதற்கு முன்னாலிருந்தே வழக்கம். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை படிவத்துக்குச் சாட்சி போட்டிருப்பார் என்று எண்ணிப் பார்த்ததில்லை. டைம் ஆபீஸ் என்றால் கார்டு, சாவிக்கொத்து, சாட்சி. போட்டபோது அது சாட்சி என்றே தோன்றியதில்லை, சாவி எடுத்துக் கொடுப்பது மாதிரி ஒரு வேலை. பதினான்காம் தேதி ஆற்று மணலில் மொபெட்டை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். வெயில். சட்டைப்பையில் பேனா இரண்டு, உள் பையில் மடித்த ஹால் டிக்கெட். மதியம் இரண்டு மணிக்கு வேலூரில் நான்காம் தாள், தொழிலாளர் சட்டம். இரண்டு முறை எழுதித் தேறாத தாள், மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதில் தேறினால் பட்டயம், பட்டயம் வந்தால்தான் இந்த வேலை நிரந்தரம், மேடம் சொல்லிவிட்டார். வீட்டுக் கதவில் பூட்டு. பச்சை பெயிண்ட் அடித்த கதவு, பித்தளைப் பூட்டு, வாசலில் காய்ந்து போன கோலத்தின் மேல் கோழி நடந்த தடம். பக்கத்து வீட்டில் ஒரு ஆள் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தார். "சுலோச்சனாவா? பொண்ணுக்கு முடியலன்னு வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி பத்து நாளாவுது சார். ஷூ கம்பெனியா நீங்க?" ஆமாம் என்றார். "எதுனா சொல்லணுமா?" ஒண்ணுமில்ல. அப்படித்தான் சொன்னார், ஒண்ணுமில்ல என்று. கதவு பூட்டியிருந்தால் குறிப்பாணையைக் கதவில் ஒட்டி, ஊரில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, இன்னொரு நாளும் வர வேண்டும். பசை கையில் இல்லை. மணி பதினொன்றரை. கையெழுத்துக்கு ஆள் தேடினால் ஒன்றாகும், ஊர்க்காரர்கள் இது என்ன காகிதம் என்று கேட்பார்கள், படித்துக் காட்டச் சொல்வார்கள், இரண்டு மணிக்கு வேலூர் போய்ச் சேர முடியாது. மொபெட் சீட்டின் மேல் வைத்து இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்தார். சீட்டு சுட்டது. பேனா ஒரு முறை எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி அடித்தார். எழுதாத பேனா. அது எழுதாமலே போயிருந்தால் என்று பின்னால் பல முறை நினைத்திருக்கிறார். ஆனால் பையில் இன்னொரு பேனா இருந்தது. பரீட்சைக்குப் போகிறவன் இரண்டு வைத்திருப்பான்.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் ஹாலுக்குள் நுழைந்தார். வியர்வை தாளில் சொட்டாமலிருக்கக் கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். முதல் கேள்வி, உள்விசாரணையில் இயற்கை நீதிக் கோட்பாடுகளை விளக்குக, பதினைந்து மதிப்பெண். நன்றாகத் தெரிந்த கேள்வி. எதிர்த் தரப்பைக் கேட்காமல் முடிவு கூடாது. தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது. குற்றச்சாட்டு அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்ததற்கு உண்மையான சாட்சி வேண்டும். உண்மையான என்ற சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பாடத்தில் கோடு போட்டிருந்ததால் போட்டார். எழுதும்போது பச்சைக் கதவு கண்முன் வரவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. பொய் சொல்லி இரண்டரை மணி நேரத்தில் ஒரு மனிதன் உண்மையான சாட்சி என்று அடிக்கோடு போடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. எழுபத்தொன்று. நான்காம் தாளில் எழுபத்தொன்று. ரிசல்ட் வந்த அன்று யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் மார்க் பட்டியலை அலமாரியில் இறந்துபோன மனைவி மரகதத்தின் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். படிக்கச் சொன்னவளே அவள்தான். எட்டாவது வரை படித்தவள், பாடப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள். "ஊக்குவித்தல் என்றால் என்ன?" பதில் சொன்னால், "புஸ்தகத்துல இப்படி இல்லியே. உனக்கு வராது, நீ கார்டே அடுக்கு," என்பாள், சிரிப்பாள். மூன்றாம் தாள் வரைக்கும் கேட்டாள். பிறகு அவள் படுத்துக் கிடந்த ஒன்பது நாளும் இதே வேலூர், இதே ஆஸ்பத்திரியாகக்கூட இருக்கலாம், ஆஸ்பத்திரி வராந்தாக்கள் எல்லாம் ஒரே மாதிரி. சிறுநீரகம் என்றார்கள். யாரிடமும் லீவு சொல்லவில்லை, சொல்லத் தோன்றவில்லை. திரும்பி வந்து தன் கார்டை எடுத்துப் பார்த்தபோது ஒன்பது நாளும் பதிவாகியிருந்தது. காலை எட்டு இருபத்தைந்து, மாலை ஐந்து முப்பத்தைந்து. அப்போதிருந்த டைம் கீப்பர் ஜோதிலிங்கம் தினமும் இரண்டு வேளை அவருக்காக அடித்திருக்கிறார். கேட்டதற்கு, "போய் வேலையப் பாரு," என்றார், அவ்வளவுதான். மரகதம் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனாள். கார்டின்படி அன்று மாலை ஐந்து முப்பத்தைந்து வரைக்கும் முனிரத்தினம் வேலை செய்திருக்கிறார். அந்தக் கார்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அதுவும் பொய்தான். ஜோதிலிங்கம் அடித்ததும் பொய், தான் அடித்ததும் பொய். இரண்டும் ஒன்றா என்று எந்தப் பாடத்திலும் இல்லை, தொடர்பு வகுப்பில் அந்த ஆள் இருந்திருந்தால் எழுந்து கேட்டிருப்பார், எல்லோரும் சிரித்திருப்பார்கள். முனிரத்தினத்துக்கு ஆஸ்பத்திரி ஒன்பது நாள், ஒருவரும் காகிதம் கொண்டு வரவில்லை. சுலோச்சனாவுக்கு இருபத்து மூன்று நாள். லைன் சூப்பர்வைசருக்குப் போன் பண்ணிச் சொன்னேன் என்கிறாள், அவனுக்கு ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரிக் காகிதம் மகள் பேரில். மகள் அங்கே இருந்தால் தாயும் அங்கே இருந்ததாக அர்த்தமில்லை, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருக்கலாம், வாசலில் நின்று மறுத்திருக்கலாம். இதை மேடம் சொல்லவில்லை. குறிப்பில் எழுதிக் கொடுத்தது அவரேதான், நன்றாக யோசித்து, படித்தவனாக.

பத்து ஐம்பது. தண்ணீர் டம்ளர்களைத் துடைத்து வைத்தார். இப்போது சொல்லிவிட்டால் என்ன ஆகும். வெள்ளிக்கிழமை கடிதம் வராது. அதோடு நிற்காது, பொய்ச் சாட்சிக் கையெழுத்துக்கு அவருக்கே ஒரு குறிப்பாணை வரும், அவரும் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். டைம் ஆபீஸுக்கும் திரும்ப முடியாது. கார்டு இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள், அங்கே இப்போது ஒரு பையன் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். நாற்பத்து நான்கு வயதில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பது. சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. மூன்று ஆமாம். இருபத்தொன்று இருபதாகும், ஏற்கெனவே ஆகிவிட்டது. சுத்திச் சத்தம் அப்படியேதான் கேட்கிறது, ஒன்று குறைந்தது காதுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால்கூடத் தேவலை. அவருக்குக் கோபம்கூட வரவில்லை, பயமும் முழுசாக வரவில்லை. களைப்பு மட்டும் முழங்காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. ஐந்து நாற்காலியும் காலியாகத்தான் இருந்தன, எதிலும் உட்காரத் தோன்றவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வக்கீல் தணிகாசலம் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார், இருமிக்கொண்டே உட்கார்ந்தார். பியூலா தாளைச் செருகினாள். சுலோச்சனா கதவருகில் செருப்பைக் கழற்றினாள். "செருப்போட வாம்மா, பரவாயில்ல," என்றார் வக்கீல். அவள் கேட்காதவள் போலக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நீல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். கட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முனிரத்தினத்தைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது, அதை அவரால் தாங்க முடியவில்லை. "கார்டுண்ணா, நீயா கேக்கப் போற? நல்லதாப் போச்சி. யாரோ இன்னமோன்னு பயந்துகினே வந்தேன்." வக்கீல் மேசையை லேசாகத் தட்டினார். "இங்க அண்ணன் தம்பி இல்லம்மா. கூட உதவிக்கு ஆள் வச்சிக்கலாம், வச்சிக்கிறியா?" "யாரு சார் வருவாங்க? லைன்ல எல்லாருக்கும் பயம்." முதல் குற்றச்சாட்டைப் படித்தார்கள், காகிதங்களை வாங்கிக்கொண்டார்கள். பியூலா அடித்தாள். இரண்டாவதைப் படித்தபோது சுலோச்சனா வக்கீலைப் பார்க்கவில்லை. "மறுத்தனா? என்ன காகிதம், எப்ப?" என்று முனிரத்தினத்தைக் கேட்டாள். "நீ வந்தியாணா என் ஊட்டாண்ட?" "கேள்வியை என்கிட்ட கேளும்மா," என்றார் வக்கீல். "அவருதான சார் வந்தாருன்னு படிக்கிறீங்க. அவர கேக்காம உங்கள எப்டி கேப்பேன்? சொல்லுணா. வந்தியா? நான் இருந்தனா?" சண்டைக் குரல் இல்லை. கார்டு எங்கே என்று கேட்கிற அதே குரல், அவர் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று தெரிந்த குரல். "உங்க சாட்சியைக் கூப்பிடுங்க, சார்," என்றார் வக்கீல். கதவுக்கு வெளியே கன்னியப்பன் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது, மூன்று ஆமாம்களையும் வாயில் தயாராக வைத்துக்கொண்டு. முனிரத்தினம் கேள்வித் தாளை எடுத்தார், ஒன்று இரண்டு மூன்று என்று பார்த்தார், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கன்னியப்பன் வேணாம் சார். அவர் அன்னைக்கு அந்தத் தெருவுக்கே வரல. பஸ் ஸ்டாண்டுல இருந்தார், நான்தான் இருக்கச் சொன்னேன். சாட்சி நான்தான்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க நிர்வாகத்தரப்பு அதிகாரி. அந்த நாற்காலியில உக்காந்துகிட்டு நீங்களே சாட்சி சொல்ல முடியாது. தெரியும் இல்ல?"

"தெரியும் சார். பாடத்துல இருக்கு."

ஃபைலை மூடி நீல நாற்காலியில் வைத்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கேன்டீன் நாற்காலியை இழுத்தார். அது மறுபடி கீச்சென்றது, இந்த முறை அது அவருக்கு உறைக்கவில்லை. உட்கார்ந்தார். மேசை நெஞ்சு வரைக்கும் வந்தது. சுலோச்சனாவின் முகத்தைப் பார்க்க நிமிர வேண்டியிருந்தது. பியூலா விரல்களைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பொண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அதை விசாரணையில் கேட்கக் கூடாது.

"இப்ப பரவால்லணா. கஞ்சி குடிக்கிது."

அவர் தலையசைத்துவிட்டுப் பியூலா பக்கம் திரும்பினார். "தேதி பதினாலு. நேரம் பதினொன்றரை. எழுதிக்கோம்மா. கதவு பூட்டியிருந்தது."